ஓர் எண்ணுக்கு எத்தனை சாட்சி?

போட்டித் தேர்வுக்கான இயற்பியல் கையேடு எதைப் புரட்டினாலும் இரண்டு பட்டியல்கள் கண்ணில் படும். ஒன்றில் அளவுகளும் அலகுகளும்: விசைக்கு நியூட்டன், அழுத்தத்துக்குப் பாஸ்கல், மின்னூட்டத்துக்குக் கூலூம். இன்னொன்றில் அறிஞர்களும் அவர்கள் சாதித்ததும்: புவியை எடைபோட்டவர் கேவண்டிஷ், எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தவர் மில்லிகன். பட்டியல்களில் பிழை இல்லை. ஆனால் இவற்றை மனப்பாடம் செய்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: மில்லிகன் அளந்தது சரியென்று எப்படித் தெரியும்? கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். இயற்கையிடம் அப்படியொரு பக்கம் கிடையாது. மெய்யான மதிப்பு முன்பே தெரிந்திருந்தால் அளக்கும் தேவையே எழாது. தெரியாத ஒன்றை அளந்துவிட்டு, அந்த எண்ணை நம்பலாம் என்று ஒரு துறையே எப்படி முடிவுக்கு வருகிறது? நல்ல கருவி, கவனமான கை, பலமுறை அளந்து எடுத்த சராசரி என்பது வகுப்பறை தரும் விடை. அது பாதி விடைதான். ஒரே சாட்சி ஒரே வாக்குமூலத்தை நூறு முறை சொன்னாலும் வழக்கில் ஒரு சாட்சிதான். முன்பின் அறியாத இருவர் தனித்தனியே வந்து ஒன்றையே சொன்னால் வழக்கின் போக்கே மாறிவிடும். இயற்பியலில் ஓர் எண் நிலைபெற்ற கதைகளை வரிசையாகப் பார்த்தால், தசமப் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதைக் காட்டிலும், தொடர்பில்லாத எத்தனை வழிகள் அந்த எண்ணில் வந்து முடிந்தன என்பதே தீர்ப்பைத் தந்திருக்கிறது.

வகுப்பறை விடையில் இருக்கும் உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். அளவீட்டில் நேரும் பிழைகளில் ஒரு வகை இருபக்கமும் சிதறுவது. கை நடுக்கம், காற்றின் அசைவு, அளவுகோலின் இரு கோடுகளுக்கு நடுவே கண் போடும் உத்தேசக் கணக்கு ஆகியவை ஒருமுறை கூட்டிக் காட்டும், ஒருமுறை குறைத்துக் காட்டும். சராசரி எடுக்கும்போது இவை ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். நூறு முறை அளந்தால் சராசரியின் தடுமாற்றம் பத்தில் ஒரு பங்காகிவிடும். இன்னொரு வகை முறையான பிழை. திருகு அளவியின் சுழிப்பிழையைக் கவனிக்காமல் ஆயிரம் முறை அளந்தால் ஆயிரமும் ஒரே பக்கம் விலகும். அளவுகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் நுட்பம் இருக்கும். எல்லாம் சேர்ந்து மெய்யான மதிப்பை விட்டு விலகியிருப்பதால் துல்லியம் இருக்காது. நுட்பம் எவ்வளவு என்பதை அந்தக் கருவியே சொல்லிவிடும். துல்லியம் எவ்வளவு என்பதை அந்தக் கருவியிடம் கேட்டுப் பயனில்லை. பள்ளி மாணவர் சுழிப்பிழையைக் கண்டுபிடிப்பது, அது எங்கே ஒளிந்திருக்கும் என்று ஆசிரியர் முன்கூட்டியே சொன்னதால்தான். ஆய்வின் முன்வரிசையில் நிற்பவருக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

இதற்கு அண்மைக் காலத்தில் நடந்ததே போதும். ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து புறப்பட்ட நியூட்ரினோக்கள், சுமார் 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இருக்கும் ஓப்பெரா கருவிக்கு ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்துவிட்டதாக 2011 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட நிகழ்வுகளின் சராசரி அது. தற்செயலாக இப்படி வரவே முடியாது என்று புள்ளியியல் கணக்கு அடித்துச் சொன்னது. புள்ளியியல் சொன்னது சரிதான். தற்செயல் எதுவும் அங்கே இல்லை. ஓர் ஒளியிழை இணைப்பு சரியாகப் பொருந்தாமல் இருந்தது, அவ்வளவுதான். அதே மலைக்கடியில் இருந்த இகாரஸ் என்ற வேறு கருவி, நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை என்று 2012-ல் காட்டியது. ஓப்பெரா குழுவினரைக் கேலி செய்வது எளிது. தங்களுக்கே நம்பமுடியாத ஒன்று வந்திருக்கிறது, மற்றவர்களும் சோதித்துப் பாருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டவர்கள் அவர்கள். தங்கள் கருவியைத் தங்கள் கருவியாலேயே சரிபார்த்துவிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒத்துப்போதலின் வலிமைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டாக நான் கருதுவது மிகத் துல்லியமான ஓர் அளவை அல்ல, மிகத் தோராயமான ஒன்றை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அணுக்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா, அல்லது கணக்குப் போடுவதற்கு வசதியான கற்பனையா என்ற சண்டை ஓயவில்லை. எர்ன்ஸ்ட் மாக், வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் போன்ற பெரியவர்களே நம்ப மறுத்தார்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்களை நுண்ணோக்கியில் வைத்து, அவை உயரத்துக்கு உயரம் எப்படிக் குறைகின்றன என்று எண்ணினார். அவற்றின் தள்ளாட்டத்தை அளந்து, ஐன்ஸ்டைன் 1905-ல் தந்த சமன்பாட்டில் பொருத்தினார். அவகாட்ரோ எண் கிடைத்தது. அதோடு நிற்காமல், 1913-ல் வெளியிட்ட தம் நூலில் அதே எண்ணுக்கு வந்துசேரும் வேறு வழிகளையும் ஒரே அட்டவணையில் அடுக்கினார்: வாயுக்களின் பாகுநிலை, வானத்தின் நீலம், சூடான பொருளின் கதிர்வீச்சு, கதிரியக்கப் பொருள் உமிழும் ஆல்பா துகள்களின் எண்ணிக்கை. மதிப்புகள் 6.0 × 10²³ முதல் 7.5 × 10²³ வரை சிதறிக் கிடந்தன. இன்று நமக்குத் தெரிந்த 6.022 × 10²³ உடன் ஒப்பிட்டால் பெரனின் சொந்த மதிப்புகளே பத்து விழுக்காட்டுக்கு மேல் அதிகம். ஆய்வகக் குறிப்பேட்டில் இப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். ஆனால் வானத்தின் நிறத்துக்கும் ரேடியத்தின் சிதைவுக்கும் என்ன உறவு? அணுக்கள் இல்லையென்றால் இவை அனைத்தும் ஒரே எண்ணின் அருகில் வந்து கூடவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஓஸ்ட்வால்ட் அந்த அட்டவணை வருமுன்பே, 1909-ல் தம் பாடநூலிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். அணுவை நிலைநாட்டியது இரண்டாவது இலக்கத்திலேயே தடுமாறிய ஓர் எண்.

மேக்ஸ்வெல்லின் கதையும் இதே இனம். ஜெர்மனியில் வெபரும் கோல்ராஷும் 1856-ல் ஒரு லெய்டன் ஜாடியில் சேர்த்த மின்னூட்டத்தை இரண்டு விதமாக அளந்தார்கள்: நிலையாக இருக்கும்போது அது செலுத்தும் விசையைக் கொண்டு ஒருமுறை, ஓடும்போது அது உண்டாக்கும் காந்த விளைவைக் கொண்டு இன்னொரு முறை. அந்த இரண்டு அலகுகளின் விகிதம் ஒரு வேகத்தின் வடிவில் வருகிறது. மேக்ஸ்வெல் தம் கோட்பாட்டில் போட்டுப் பார்த்தபோது அது நொடிக்கு 3,10,740 கி.மீ. என்று வந்தது. இந்தச் சோதனையில் விளக்கும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. மறுபக்கம் ஃபிஸோ 1849-ல் பாரிஸ் அருகே சுழலும் பற்சக்கரத்தின் இடைவெளி வழியாக ஒளியை அனுப்பி, எட்டரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அது திரும்பிவர எடுத்த காலத்தை அளந்திருந்தார். மேக்ஸ்வெல்லிடம் இருந்த ஃபிஸோவின் மதிப்பு 3,14,858. ஒளி என்பதே மின்காந்த அலைதான் என்ற முடிவுக்கு அவர் துணிந்தது இந்த நெருக்கத்தை நம்பித்தான். வேடிக்கை என்னவென்றால், இரண்டு எண்களுமே தவறு. ஒன்று மூன்றரை விழுக்காடு, மற்றது ஐந்து விழுக்காடு கூடுதல்; தற்செயலாக இரண்டும் ஒரே பக்கம் விலகியிருந்தன. எதிரெதிர்ப் பக்கம் விலகியிருந்தால் நெருக்கம் இவ்வளவு கண்ணைப் பறித்திருக்காது. இருந்தாலும் ஒரு விழுக்காடு பொருத்தமோ எட்டு விழுக்காடு பொருத்தமோ, மின்ஜாடியும் பற்சக்கரமும் ஒரே அளவுப் பெருவேகத்தைச் சொல்வதைத் தற்செயல் என்று தள்ளியிருக்க முடியாது.

ஒத்துப்போகும்போது மட்டுமல்ல, ஒத்துப்போகாதபோதும் இரண்டாவது வழி வேலை செய்கிறது. கேவண்டிஷை எல்லாரும் ஈர்ப்பு மாறிலியை அளந்தவர் என்று எழுதுகிறார்கள். அவர் தேடியது புவியின் சராசரி அடர்த்தியை. அதற்கு முன்பே ஒரு விடை இருந்தது. ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலை தன் பக்கம் தூக்குக்குண்டை எவ்வளவு இழுக்கிறது என்று 1774-ல் மாஸ்கலைன் அளந்தார். அதை வைத்து ஹட்டன் போட்ட கணக்கில் புவி தண்ணீரைப் போல் 4.5 மடங்கு அடர்த்தி என்று வந்தது. கேவண்டிஷ் 1797–98-ல் ஜான் மிச்செல் விட்டுச்சென்ற முறுக்குத் தராசைத் திருத்தி அமைத்தார். ஆறடி மரக்கோலின் இரு முனைகளிலும் இரண்டங்குல ஈயக் குண்டுகள். அவற்றை இழுக்க ஒவ்வொன்றும் 158 கிலோ எடையுள்ள இரண்டு பெரிய ஈயக் கோளங்கள். ஆளின் உடல் வெப்பம்கூடக் காற்றைக் கலைத்துவிடும் என்பதால் கருவியை மூடிய அறையில் வைத்து, வெளியிலிருந்து கயிற்றால் கோளங்களை நகர்த்தி, தொலைநோக்கியால் பார்த்தார். எனக்கு அவருடைய கட்டுரையில் முடிவைவிட, நடுவில் அவர் பிழையைத் துரத்தும் பக்கங்களே முக்கியமாகப் படுகின்றன. இழுவை நேரம் போகப் போகக் கூடுவதுபோல் தோன்றியது. இரும்புத் தண்டுகளின் காந்தமோ என்று சந்தேகித்துச் செம்புத் தண்டுகளாக மாற்றினார், மாறவில்லை. கோளங்களுக்கும் பெட்டிக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு காற்றோட்டத்தை உண்டாக்குகிறதோ என்று எண்ணி, கோளங்களை விளக்கால் சூடாக்கியும் பனிக்கட்டியால் குளிர்வித்தும் சோதித்தார், காரணம் அகப்பட்டது. கம்பியையும் மாற்றி மீண்டும் அளந்தார். அவர் வெளியிட்ட மதிப்பு 5.48. சராசரி எடுத்ததில் ஒரு சிறு பிசகு நேர்ந்திருப்பதைப் பின்னாளில் பிரான்சிஸ் பெய்லி கண்டுபிடித்தார், திருத்தினால் 5.45. இன்றைய மதிப்பு 5.51. மலையிலிருந்து வந்த எண்ணோடு தம் எண் ஒத்துப்போகாததை அவர் மறைக்கவில்லை. எது சரியென்று உடனே தீர்ப்பு எழுதவும் இல்லை.

தூக்குக்குண்டை மலை இழுக்கும் இந்தச் சங்கதி இந்தியாவில்தான் பெரிய கேள்வியாக வெடித்தது. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு போட்டுத் தொடங்கிய முக்கோண அளவை, ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமயத்தின் அடிவாரம்வரை சென்றது. அந்த நெடுங்கோட்டில் கல்யாண்பூர், கல்யாணா என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையிலான அட்சரேகை வேறுபாட்டை இரண்டு விதமாகக் கணக்கிட்டார்கள். நிலத்தில் முக்கோணங்களைக் கோத்துக் கணக்கிட்டது ஒன்று. விண்மீன்களைப் பார்த்துக் கணக்கிட்டது மற்றொன்று. இரண்டுக்கும் 5.236 விநாடி வித்தியாசம், நிலத்தில் சொன்னால் ஏறக்குறைய 160 மீட்டர். சுமார் 600 கிலோமீட்டர் நீளத்தில் இது ஒரு பொருட்டா என்று பிழையைப் பிரித்துப் பகிர்ந்து எழுதிவிட்டிருக்கலாம். கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த கணித வல்லுநர் பிராட் அப்படி விடவில்லை. வடக்கே நிற்கும் இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்து விண்மீன் அளவைக் கெடுத்திருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். விடை அவரையே திகைக்க வைத்தது: இமயத்தின் நிறைக்கு 15.885 விநாடி விலகியிருக்க வேண்டும். இருந்த விலகல் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய மலை ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது? மலைக்குக் கீழே புவியின் மேலோடு அடர்த்தி குறைந்த பொருளாக ஆழமாக இறங்கி வேர் விட்டிருக்கிறது, அதனால் மேலே கூடிய நிறையைக் கீழே குறைந்த நிறை ஈடுசெய்கிறது என்று 1855-ல் ஏய்ரி விளக்கினார். புவியின் மேலோடு சமநிலையில் மிதக்கிறது என்ற நிலவியலின் அடிப்படைக் கருத்து, இரண்டு அளவுகளுக்கு நடுவே எஞ்சிய ஐந்து விநாடியில் முளைத்தது. முக்கோண அளவை மட்டும் இருந்து விண்மீன் அளவு இல்லாமல் போயிருந்தால், எத்தனை தசம இடத்துக்கு அளந்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

இப்போது மில்லிகனிடம் வரலாம். எண்ணெய்த் துளிகளை மின்புலத்தில் மிதக்கவிட்டு அவர் கண்ட மின்னூட்டம், இன்றைய அலகில் 1.592 × 10⁻¹⁹ கூலூம். ஆயிரத்தில் ஒரு பங்குக்குமேல் தவறாது என்று 1917-ல் அறிவித்தார். இன்று நாம் கொள்ளும் மதிப்பு 1.602; அவர் போட்ட எல்லையைப் போல் ஆறு மடங்கு விலகல். 1913 கட்டுரையில் 58 துளிகளை மட்டும் காட்டி, இவையே எல்லாம் என்று எழுதியதும், குறிப்பேடுகளில் அதைவிட அதிகமான துளிகள் இருப்பதும் பின்னாளில் தெரியவந்து, அவர் ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்த வாசகம் உண்மைக்கு மாறானது. அதில் சமாதானம் சொல்ல இடமில்லை. ஆனால் அவர் விட்டுவிட்ட துளிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட வரலாற்று ஆய்வாளர்கள், மதிப்பு பெரிதாக மாறவில்லை என்றே கண்டார்கள். விலகலின் வேர் வேறு இடத்தில் இருந்தது: துளி விழும் வேகத்தைக் கணக்கிட அவர் எடுத்துக்கொண்ட காற்றின் பாகுநிலை மதிப்பு. எல்லாத் துளிகளும் அதே காற்றில் விழுந்தன, அதனால் எல்லாத் துளிகளும் ஒரே பக்கம் பொய் சொல்லின. இன்னும் பத்தாயிரம் துளி பார்த்திருந்தாலும் அது வெளிவந்திருக்காது. வெளிக்கொண்டு வந்தது காற்றோடும் எண்ணெயோடும் எந்தத் தொடர்பும் இல்லாத எக்ஸ் கதிர். கீறல் தகடுகளைக் கொண்டு எக்ஸ் கதிரின் அலைநீளத்தை நேரடியாக அளந்து, அதைப் படிகங்களோடு பொருத்திப் பார்த்தபோது, எலக்ட்ரானின் மின்னூட்டம் மில்லிகன் சொன்னதைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும் என்று 1920-களின் பிற்பகுதியிலிருந்து முடிவுகள் வரத் தொடங்கின. அதன் பிறகுதான் பாகுநிலையைத் திரும்ப அளந்தார்கள். தவறு அங்கேதான் இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானது. ஒத்துப்போதலை நம்பலாம் என்றால், ஒத்துப்போகச் செய்வதும் எளிதுதானே? நியூட்டனே இதைச் செய்திருக்கிறார். அவருடைய கோட்பாட்டின்படி காற்றில் ஒலி நொடிக்கு 979 அடி போகவேண்டும். அளந்தவர்கள் கண்டது 1,142 அடி. காற்றுத் துகள்களின் கனத்துக்கு இவ்வளவு, ஈரப்பதத்துக்கு இவ்வளவு என்று கூட்டிச் சரியாக 1,142-ஐ வரவழைத்தார். உண்மையான காரணம், ஒலி செல்லும்போது காற்று அமுங்குவதோடு சூடாகவும் ஆகிறது என்பது. அதைச் சரியாகச் சொல்ல 1816-ல் லாப்லாஸ் வரவேண்டியிருந்தது. (ஒலியின் வேகத்தில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள பங்கைத் தேடி 1820, 1821-ல் சென்னையிலும் ஓர் ஆய்வு நடந்தது. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்க, வான் ஆய்வகத்தில் இருந்த கோல்டிங்காம் ஓசை வந்துசேரும் நேரத்தை மாதக்கணக்கில் பதிவு செய்தார்.) நியூட்டனின் பொருத்தம் பொருத்தமே அல்ல, விடை தெரிந்த பிறகு போட்ட கணக்கு. இதை எளிதாக ஒதுக்கலாம்.

ஒதுக்க முடியாத எடுத்துக்காட்டு ஒளியின் வேகத்தில் இருக்கிறது. மைக்கேல்சன் 1926-ல் கலிபோர்னியாவில் இரண்டு மலைகளுக்கு இடையே, 35 கிலோமீட்டர் தொலைவில் சுழலும் கண்ணாடிகளைக் கொண்டு அளந்து, 2,99,796 கி.மீ. என்றார், 4 கூட்டியோ குறைத்தோ. அடுத்து ஒரு மைல் நீளக் குழாயில் காற்றை வெளியேற்றி அளக்கத் தொடங்கி, முடிப்பதற்குள் 1931-ல் இறந்தார். பீஸும் பியர்சனும் முடித்து வெளியிட்ட மதிப்பு 2,99,774. அதே ஆண்டுகளில் சுழலும் கண்ணாடி எதுவும் இல்லாமல், மின்னழுத்தத்தால் ஒளியைத் திறந்து மூடும் கெர் கலத்தைக் கொண்டு அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அளந்தவர்களும் இதற்கு அருகிலேயே வந்தார்கள். எல்லாவற்றையும் எடைபோட்டு 1941-ல் பர்ஜ் தந்த மதிப்பு 2,99,776, பிழை எல்லை 4. போருக்குப் பின் வந்த உண்மை மதிப்பு இதைவிட 16 கி.மீ. அதிகம், எல்லையைப் போல் நான்கு மடங்கு. பல நாடுகள், இருவேறு முறைகள், ஒரே எண், அதுவும் தவறான எண். மைக்கேல்சனின் பழைய, துல்லியம் குறைந்ததாகக் கருதப்பட்ட எண்ணே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு எண்கள் இறங்குவதைப் பார்த்து, ஒளியின் வேகமே குறைந்து வருகிறதோ என்று கெரி த பிரே என்பவர் எழுதவும் செய்தார். அப்படியானால் நான் இதுவரை சொன்னது இடிந்துவிடவில்லையா?

இடியவில்லை, ஆனால் கூர்மையாக்கப்பட வேண்டியிருக்கிறது. கண்ணாடியும் கெர் கலமும் கருவியில் வேறானவை, வினாவில் ஒன்றே: ஓர் ஒளித்துடிப்பு தெரிந்த தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது? அதைவிட முக்கியமாக, பின்னால் வந்தவர் ஒவ்வொருவரும் முன்னவரின் எண்ணை அறிந்தே கருவிக்கு முன் உட்கார்ந்தார்கள். எதிர்பார்த்த எண் வராதபோது கருவியில் எங்கே குறை என்று தேடுவோம். வந்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவோம். இதில் மோசடி எதுவும் இல்லை, ஆனால் இப்படி நிறுத்தும் இடம் முன்னவரின் எண்ணாகவே அமைந்துவிடுகிறது. இந்த வட்டத்தை உடைத்தவர்கள் கேள்வியையே மாற்றியவர்கள். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எஸ்ஸனும் கார்டன்-ஸ்மித்தும் ஓர் உலோக உருளைக்குள் நுண்ணலையை ஒத்ததிரச் செய்து, அதிர்வெண்ணையும் உருளையின் அளவையும் அளந்தார்கள். ஒளி எங்கும் பயணம் போகவில்லை, காலம் கணிக்கப்படவில்லை. கிடைத்தது 2,99,792, 1950-ல் 2,99,792.5. முதலில் நம்பாதவர்கள் இருந்தார்கள். ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ராண்ட் தொலைவளக்கும் கருவியோடு அதே இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு வாதம் முடிந்தது. ஆகவே சாட்சிகளின் எண்ணிக்கை போதாது. அவர்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளாமல் இருக்கவேண்டும். இன்றைய பெரிய சோதனைகள் இதைச் சட்டமாகவே வைத்துக்கொண்டுள்ளன. ஃபெர்மி ஆய்வகத்தில் மியூவானின் காந்தத் தன்மையை அளந்தவர்களிடம் கடிகாரத்தின் சரியான அதிர்வெண் சொல்லப்படவில்லை. குழுவுக்கு வெளியே இருந்த இருவர் மட்டுமே அதை அறிவார்கள். பகுப்பாய்வு முழுதும் முடிந்த பின் 2021-ல்தான் உறையைப் பிரித்தார்கள்.

இன்னொரு மறுப்பு: ஈர்ப்பு மாறிலி. கேவண்டிஷ் காலத்திலிருந்து இருநூறு ஆண்டுகளுக்குமேல் அளந்தும் ஆய்வகங்கள் ஒத்துப்போகவில்லை. வூஹானில் உள்ள ஹுவாசோங் பல்கலைக்கழகக் குழு 2018-ல் இரண்டு முறைகளில் அளந்து இரண்டு மதிப்புகளை வெளியிட்டது: 6.674184, 6.674484. ஒவ்வொன்றின் பிழை எல்லையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இடைவெளி அவற்றுக்கு நடுவே கிடக்கிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே குழுவின் கையில் இப்படி. அப்படியானால் ஈர்ப்பை நம்பக்கூடாதா? ஈர்ப்பு விதி இந்த எண்ணின் நான்காவது இலக்கத்தில் தொங்கவில்லை. நான் சொல்வதன்படி இங்கே எடுக்கவேண்டிய முடிவு எதுவோ, மாறிலிகளைத் தொகுத்து வெளியிடும் பன்னாட்டுக் குழு அதையே எடுத்திருக்கிறது: மிக நுட்பமான ஒரு சோதனையின் சிறிய பிழை எல்லையை அப்படியே ஏற்காமல், எல்லாச் சோதனைகளின் முரண்பாட்டையும் உள்ளடக்கும் பெரிய எல்லையைப் போட்டு 6.67430 என்று வைத்திருக்கிறது. மற்ற அடிப்படை மாறிலிகளோடு ஒப்பிட்டால் இது வெட்கப்படவேண்டிய அளவுக்குத் தோராயம். ஆனால் நேர்மையான தோராயம்.

எல்லாவற்றையும்விட நுணுக்கமான மறுப்பு ஒன்று உண்டு. 1983 முதல் ஒளியின் வேகம் 2,99,792.458 கி.மீ. என்று வரையறுக்கப்பட்டுவிட்டது, அதை இனி யாரும் அளப்பதில்லை, அதைக் கொண்டு மீட்டரை அளக்கிறோம். 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி, எலக்ட்ரானின் மின்னூட்டம், அவகாட்ரோ எண் ஆகியவையும் பிழை எல்லை இல்லாத நிலையான எண்களாகிவிட்டன. மனிதர்கள் வாக்களித்து முடிவு செய்த எண்ணுக்குச் சாட்சி எதற்கு? கிலோகிராம் எப்படி மாறியது என்பதைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். 1889 முதல் பாரிஸ் அருகே பூட்டிவைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் கிலோகிராம். நூறு ஆண்டு கழித்து அதன் நகல்களோடு ஒப்பிட்டபோது சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு தெரிந்தது. எது மாறியது, உருளையா நகல்களா என்று சொல்ல வழியே இல்லை; உருளைதான் வரையறை என்பதால் அது மாறவே முடியாது என்பது சட்டம். ஒரே சாட்சியை நீதிபதியாகவும் ஆக்கினால் இந்தக் கதிதான். மாற்றாக இரண்டு வழிகள் வளர்ந்தன. ஒன்று, பிரையன் கிப்பிள் 1975-ல் முன்வைத்த தராசு; எடையை மின்காந்த விசையால் தாங்கி, மின் அளவுகள் வழியாகப் பிளாங்க் மாறிலிக்குச் செல்வது. மற்றது, சிலிக்கான் படிகத்தை ஏறக்குறைய 94 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளமாகச் செதுக்கி, எக்ஸ் கதிரால் அணுக்களின் இடைவெளியை அளந்து, உள்ளே எத்தனை அணு என்று எண்ணுவது. 2000-களின் தொடக்கத்தில் இவ்விரண்டும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மோதிக்கொண்டன. சாதாரண சிலிக்கானில் கலந்திருக்கும் மூன்று ஐசோடோப்புகளின் விகிதத்தைக் கணக்கிடுவதில் சிக்கல் இருந்தது. சிலிக்கான்-28 மட்டும் செறிந்த படிகத்தை வளர்த்த பிறகுதான் மோதல் தீர்ந்தது.

வரையறையை மாற்றுவதற்கு முன்பு பன்னாட்டு அளவைக் குழு விதித்த நிபந்தனையில் என் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு சோதனை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் போதாது. தனித்தனியான மூன்று சோதனைகளாவது வேண்டும். அவற்றில் கிப்பிள் தராசும் சிலிக்கான் கோளமும் இரண்டுமே இடம்பெற வேண்டும். முடிவுகள் பத்து கோடியில் ஐந்து பங்குக்குள் உறுதியாகி ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அது நிறைவேறிய பிறகே 2018 நவம்பரில் வெர்சாயில் கூடிய நாடுகள் வாக்களித்தன. வரையறை அந்த வாக்கெடுப்பில் பிறக்கவில்லை. ஒத்துப்போதல் போதுமான அளவுக்கு வந்துவிட்டது என்ற தீர்ப்பையே வாக்கெடுப்பு பதிவு செய்தது.

இவ்வளவும் நம் பள்ளிகளின் செய்முறை வகுப்புக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் குறை. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையில், வந்த எண்ணை 9.81-க்கு இழுத்துக்கொண்டு வந்து குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. சென்னையின் அட்சரேகையில் அந்த மதிப்பு ஏறக்குறைய 9.78; 9.81 என்பது பாரிஸ், லண்டன் போன்ற ஊர்களுக்குப் பொருந்துவது. சரியாக அளந்த மாணவர் தம் எண்ணைத் திருத்தித் தவறாக்கிக்கொள்கிறார். ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். ஊசலில் கண்ட பிறகு, அதே மாணவரை ஒரு சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டு, நீட்சியையும் அலைவு நேரத்தையும் அளந்து அதே முடுக்கத்தை இன்னொரு வழியில் காணச் சொல்லுங்கள். வில்லின் சொந்த நிறையைக் கணக்கில் எடுக்காவிட்டால் இரண்டாவது மதிப்பு குறைந்தே வரும். இரண்டு எண்களையும் வந்தபடியே எழுதி, அவை ஏன் சேரவில்லை என்று தேடிக் காரணம் சொல்லும் மாணவருக்கு, 9.81 என்று எழுதியவரைவிட அதிக மதிப்பெண் கொடுங்கள்.